நல்லா வந்தாத்தான் பயம்

நல்ல செய்தி கேட்டால் முகம் வெளுத்துப்போகிற ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். இதை அவர் படித்தால், முதலில் இதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவார். நான் அவரை மேடம் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணா என்பார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, அதனால் அது 'ங்ணா' என்று காதில் விழும். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில், ரசாயன ஆராய்ச்சி நடக்கிற மாடியில், கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். பிரைமரி ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், அல்லது வாங்கப் போகிறவர்கள். வீட்டுப் பக்கம் மார்சிலிங்கில் ரயில் ஏறி, காலை ஏழரைக்கு அங்கே போய்ச் சேர்ந்து, கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றால், சாயங்காலம் வரை என்னோடு பேச யாரும் வர மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. யாராவது பேசினால் எனக்குக் காது சூடாகிவிடும்.

மேடம் வந்தார். முதல் நாளே, நான் கழுவி வைத்த குவளை ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூன்று தடவை திருப்பிப் பார்த்து, மறுபடியும் கழுவினார். மறுநாளும் அப்படித்தான். என் வேலையில் என்ன குறை என்று கேட்க எனக்கு ஆறு மாதம் வாய் வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

"அண்ணா, உங்க மேல சந்தேகம்னு நெனச்சுக்காதீங்க. சந்தேகம் கண்ணாடி மேலதான்."

கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"என் மேலயும்தான்."

எதையும் மூன்று தடவை கேட்பார். கீழே சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்று, "இதுல முட்டை இல்லைதானுங்களே?" என்பார். இல்லை என்பார்கள். இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி கேட்பார். காசு கொடுக்கும்போது மூன்றாவது தடவை. கடைக்கார அக்கா ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, இல்ல லா! கோழியே இன்னிக்கு லீவு, போதுமா?" என்று கத்தினார். வரிசையே சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் ஸ்பூனால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

என் மகளுக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது எல்லோருக்கும் லட்டு கொண்டுபோனேன். மற்றவர்கள் கை குலுக்கினார்கள். மேடத்தின் முகம் வெளுத்தது.

"லெட்டர் வந்துடுச்சுங்களா?"

"வந்துருச்சு மேடம்."

"பேரு சரியா இருக்குதுங்களா? ஐசி அட்டை நம்பர்? கோர்ஸ் பேரு?"

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகள் சந்தோஷமாகக் குதித்தாள், நானும் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மகளை உட்காரவைத்து அந்தக் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் போய்ச் சொன்ன பிறகுதான் மேடம் லட்டைச் சாப்பிட்டார். அதுவரை அது அவர் மேசையில், ஒரு டிஷ்யூத் தாளின்மேல், காத்துக்கொண்டிருந்தது.

அவர் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். துணிக்குச் சாயம் போட்டபின் மிஞ்சுகிற தண்ணீர் லேசில் நிறம் விடாது. அதில் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டால், அந்தப் பொடிக்குச் சாயத்தை உடைக்கிற சக்தி உண்டு. ஆனால் பொடி தானாக எழுந்து வேலை செய்யாது. அதைத் தட்டி எழுப்ப இன்னொன்று வேண்டும். அதுதான் மேடத்தின் இரும்பு. செம்மண்ணை இடித்துச் சலித்ததுபோல ஒரு தூள். அவரே காய்ச்சி, உலர்த்தி, அரைத்து வைத்திருப்பார். அதற்கு வினையூக்கி என்று தமிழில் பெயர் இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

"இரும்பு தானா ஒண்ணும் செய்யாதுங்ணா. செய்ய வெக்கும். வேலை முடிஞ்சதும் அது அப்படியே அடியில உக்காந்திருக்கும்."

"எங்க சூப்பர்வைசர் மாதிரி," என்றேன். நினைக்கும் முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, சூப்பர்வைசர் பக்கத்தில் எங்காவது நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

"ஏன் மேடம், வேற எதுவும் இன்னும் சீக்கிரமா செய்யாதா?"

"செய்யுங்ணா. கோபால்ட்னு ஒண்ணு இருக்குது. துளியூண்டு போதும், பறக்கும். ஆனா அது தண்ணியில கரைஞ்சு தங்கிட்டா அதுவே விஷம். ஒரு விஷத்தை எடுத்துட்டு இன்னொண்ணை வெக்கறதுக்கு நான் எதுக்கு?"

அவர் ஊரில் சாயப்பட்டறைகள் அதிகம். வீட்டுக் கிணற்றில் ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் பச்சை. வாளியை இறக்குவதற்கு முன்னால் இன்றைக்கு என்ன கலர் என்று அவர் அம்மா எட்டிப் பார்ப்பாராம். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. வானிலைச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

அவருடைய இரும்பு சாயத்தை எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதைக் குறைக்க முடியவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு, சில நாள் முப்பது. அந்த மாதிரி நாட்களில் கலகலப்பாக இருப்பார். "வரலைங்ணா," என்று சொல்லிக்கொண்டே வந்து, கீழே போய் இரண்டு தோசை சாப்பிடுவார். இது எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நல்லா வரலைன்னா எல்லாரும் காரணம் தேடுவாங்க," என்றார். "நல்லா வந்துட்டா ஒருத்தரும் தேட மாட்டாங்க. எனக்கு நல்லா வந்தாத்தான் பயம்."

ஆராய்ச்சிக்கென்று விற்கிற சாயம் டப்பாவில் வரும். அது மட்டும் போதாது, நிஜத் துணியின் சாயமும் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்களின் துணிக்கடைகள் இருக்கிற தேக்காவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கடைக்காரர்களைத் தெரியும் என்று நினைத்துவிட்டார். எனக்கு யாரையும் தெரியாது. சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் நுழைந்தோம். கடைக்காரர் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலையை விரித்துப் போட்டார்.

"இது சாயம் போகுங்களா?" என்றார் மேடம்.

"சேச்சே. நம்ம கடையில சாயம் போற சரக்கே கிடையாதும்மா."

"அப்ப வேண்டாங்க. சாயம் போறது எதாச்சும் இருக்குதுங்களா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நல்லாப் போகணும். ஊற வெச்சா தண்ணி கருகருன்னு ஆகணும்."

"ஏம்மா, மாமியாருக்கா?"

"இல்லீங்க, ஆராய்ச்சிக்கு."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப இதையே எடுத்துக்கங்க. உண்மையச் சொல்றேன், இது போகும்."

"நிச்சயமா போகுங்களா?"

"போகும்மா."

"நீங்க முதல்ல போகாதுன்னு சொன்னீங்களே?"

"அது வியாபாரம்மா. இது சத்தியம்."

ஒரே ரகத்தில் இரண்டு சேலை வாங்கினோம். உண்மையாகவே போயிற்று. முதல் சேலையைப் பல வாரம் நனைத்து நனைத்து, அதில் வருகிற ஊதாத் தண்ணீரை வைத்து வேலை செய்தார். அதில் சாயம் தீர்ந்தபின் இரண்டாவதை எடுத்தார். அந்த வாரம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

குவளைக்குள் எதையாவது கலக்க ஒரு சின்னக் காந்தம் போடுவார்கள். பார்ப்பதற்கு வெள்ளை மாத்திரை மாதிரி இருக்கும். உள்ளே காந்தம், வெளியே வழவழவென்று உறை. கீழே தட்டை முடுக்கினால் அது தண்ணீருக்குள் தானே சுற்றும். மேடத்திடம் அப்படி ஏழு இருந்தன. குறி போட்டால் மை கரையும் என்று குறி போட மாட்டார். தனித் தட்டில் வரும், தனித் தட்டில் போகும். எட்டாவதாக ஒன்றை மட்டும் கண்ணாடிச் சீசாவில் பூட்டி வைத்து, அவர் கையாலேயே கழுவிக்கொள்வார். இரும்பு போடாமல் வெறும் பொடியை மட்டும் போட்டுத் தினமும் ஒரு குவளை ஓட்டிப் பார்ப்பார், அதற்குத்தான் அந்தக் காந்தம். அதில் தண்ணீர் தெளியக் கூடாது. தெளிந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதில் இரும்பின் தூசிகூடப் பட்டுவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு பத்திரம்.

பக்கத்து அறையில் பேட்டரி ஆராய்ச்சி. அவர்கள் குவளைகளில் எப்போதும் ரோஸ் நிறத் தண்ணீர் இருக்கும். அதென்ன என்று நான் கேட்டதில்லை. அவர்களுடைய காந்தங்கள் பழசு. உறையில் கீறல் விழுந்து, கீறலுக்குள் கறுப்புப் பிடித்திருக்கும். அன்றைக்கு மதியம் என் முழங்கை பட்டு அவர்கள் தட்டு கவிழ்ந்து, மேடத்தின் காந்தங்கள் ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்குள் விழுந்தது. எடுத்தேன். எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே கொத்தாக வந்தன. பிரித்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவியபின் எது யாருடையது என்று தெரியவில்லை. கறுப்புக் கீறல் கொஞ்சம் அவருடையதிலும் உண்டு, இரும்புக் கறை. பார்வைக்குச் சரியாக இருந்த ஏழு காந்தங்களை மேடத்தின் தட்டில் வைத்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்ததற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. மகள்தான் படித்துச் சொன்னாள். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் ஒப்பந்தக் கம்பெனி என்னை வேலையிலிருந்து நீக்கிவிடும் என்று அதில் இருந்தது. அதோடு, கழுவின பொருள் கழுவின பொருள்தானே என்றும் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் என் தொட்டிப் பக்கம் வந்து சுவரில் சாய்ந்து நின்றார். முகம் காகிதமாக இருந்தது.

"எட்டு நிமிஷங்ணா."

"என்னது மேடம்?"

"இருபத்தஞ்சு ஆகறது எட்டு நிமிஷத்துல தெளிஞ்சிருச்சு."

"நல்லதுதானே மேடம்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த எட்டை மறுபடி பார்த்தார்.

மறுநாள் இருபது. அதற்கு மறுநாள் ஒன்பது. அப்புறம் எட்டு, எட்டு, இருபத்திரண்டு. அவருடைய பேராசிரியர் ஒரு சீனர், நல்ல மனிதர். கண்ணாடிப் பலகையில் பெரிதாக எட்டு என்று எழுதி வட்டம் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டு தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தேன். கை தட்டுகிறவர்களுக்கு நடுவில் மேடம் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர் மாதிரி நின்றார்.

அந்த வருடக் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிகிறது. இந்த எட்டு நிமிடத்தால் அது மூன்று வருடம் நீளும் என்று பேச்சு. வெளிநாட்டில் ஒரு சாய ஆலை தன் தொட்டியில் இதைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தது. ஆறு வாரத்தில் அவர் அங்கே போக வேண்டும். அவர்களும் எட்டு நிமிடத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

அவர் தேட ஆரம்பித்தார். குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். தராசைச் சந்தேகப்பட்டார். ஏர்கான் குளிரைக் குறித்துவைத்தார். வெள்ளைப் பொடியைப் புது டப்பாவில் வாங்கினார். இரும்பை நான்கு தடவை புதிதாகக் காய்ச்சினார். ஒவ்வொருவரையும் மூன்று மூன்று தடவை கேட்டார். இரும்பு போடாத குவளை மட்டும் தினமும் ஊதாவாகவே நின்றது. அது அப்படி நிற்கிற வரைக்கும் வேலை செய்வது இரும்புதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். என்னிடமும் வந்தார், கையில் அந்தச் சின்ன நோட்டோடு.

"அண்ணா, என் தட்டுல எதாச்சும் மாறிச்சுங்களா? கழுவற சோப்பு, பிரஷ், எதாச்சும்?"

"இல்ல மேடம்."

நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வருவார், இரண்டாவது தடவை கேட்பார், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. தராசை மூன்று தடவை சோதித்தவர், கோழி லீவா என்று மூன்று தடவை கேட்டவர், என்னை ஒரே தடவைதான் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பேட்டரி அறைப் பெண் ஒருத்தி ரோஸ் தண்ணீர்க் குவளைகளைக் கொண்டுவந்து வைத்தாள். எப்படியோ வாயைத் திறந்து, இது என்ன என்று கேட்டேன்.

"கோபால்ட், அங்கிள். கையுறை போட்டுக்கோங்க."

கையுறை போட்டிருந்தேன். மேடம் சொன்ன அந்தத் 'துளியூண்டு' அந்தக் கீறல்களுக்குள்தான் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் என் வேலை போகும். அது ஒன்று. சொன்னால் மேடத்தின் எட்டு நிமிடமும் போகும், மூன்று வருடமும் போகும். சொல்லாவிட்டால் அவர் அந்த ஆலைக்குப் போவார். அங்கே வெறும் இரும்பைப் போடுவார். எட்டு வராது. அல்லது, இந்தக் காந்தங்களையே கொண்டுபோவார், எட்டு வரும், தண்ணீரில் கோபால்ட்டும் தங்கும். எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"கேட்காத கேள்விக்கு நீங்களா போய் ஏன் பதில் சொல்லணும்?" என்றாள்.

"கேட்டாங்க."

"கேட்டாங்களா?"

"ம்."

"என்ன சொன்னீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்து, "அப்ப நேரா போய்ச் சொல்லிருங்க. இப்படி உங்களைப் பார்க்க என்னால முடியல," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடம் மறுபடி தேக்காவுக்குக் கூப்பிட்டார். இரண்டாவது சேலை எடுத்த வாரத்தில்தான் நல்லா வர ஆரம்பித்தது, அதனால் இப்போது சந்தேகம் சேலை மேல். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "வாங்கம்மா, சாயம் போச்சா?" என்றார் பெருமையாக.

"போச்சுங்க. ரெண்டும் ஒரே லாட்டுதானுங்களா?"

"ஒரே மூட்டை."

"ஒரே நாள் சாயம் போட்டதுங்களா?"

"அதெப்படிம்மா எனக்குத் தெரியும்?"

"ரெண்டுக்கும் வேற வேற சாயம் போட்டிருப்பாங்களா?"

"நான் வித்தது ஒரே சரக்கு."

"நிச்சயமுங்களா?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரர் முகம் சிவந்தது. "ஏம்மா, சாயம் போகணும்னீங்க, குடுத்தேன். போச்சு. இப்ப வந்து என்னையே திருடன் மாதிரி விசாரிக்கிறீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. அந்தக் கடையில் தப்புப் பண்ணிய ஆள் நான் ஒருத்தன்தான், துண்டுத்துணிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மேடம், வெளிய வாங்க," என்றேன். நான் அவரை வாங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பயந்துபோய் உடனே வந்தார்.

பூக்கடைகளுக்கு முன்னால், மாலை கட்டுகிறவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று சொன்னேன். தட்டு கவிழ்ந்தது, கொத்தாக வந்தது, ஏழு காந்தங்களை எடுத்து வைத்தது. ரோஸ் தண்ணீர். நான் சொன்ன பொய். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டட்டும் என்று நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது கையில் நோட்டு இருந்தது.

"என்ன கிழமைங்ணா?"

"செவ்வாய், மேடம்."

"காலையா, மதியமா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்."

"அவங்களுது மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"பத்தா, பன்னெண்டா?"

"தெரியல மேடம்."

'தெரியவில்லை' என்று எழுதினார். நோட்டை மூடினார். "எல்லாம் பொருந்துது," என்றார். "சில நாள் எட்டு, சில நாள் இருபது. எந்த மேக்னட் கைக்கு வருதோ அதைப் பொறுத்து. தனியா வெச்ச எட்டாவது உங்க தொட்டிக்கு வரவே இல்ல, அதனால அதுல ஒண்ணும் தெரியல. நான் பத்திரமா வெச்சிருந்ததுதான் என்னை ஏமாத்தியிருக்குது." நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லாப் பொருந்துதுங்ணா. அதுதான் பயமா இருக்குது," என்றார்.

நான் செய்த தப்பைக்கூட அவர் முழுசாக நம்பவில்லை.

பிறகு திரும்பக் கடைக்குள் போய், எல்லோருக்கும் எதிரில் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் எங்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதை என்னால் குடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டுக் குவளைகளில் ஊதாத் தண்ணீர் ஊற்றினார். எதிலும் இரும்பு இல்லை. அவருடைய ஏழு காந்தங்களையும் ஏழு குவளைகளில் போட்டார். எட்டாவதுக்கு, பேட்டரி அறையிலிருந்து பழைய காந்தம் ஒன்றை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு எப்படிக் கழுவுனீங்களோ அப்படியே கழுவுங்க. பயத்துல நல்லாக் கழுவிடாதீங்க."

என் கை தேய்த்துக்கொண்டே போகப் பார்த்தது. நிறுத்தி, கொடுத்தேன். எட்டிலும் வெள்ளைப் பொடியைப் போட்டு, தட்டுகளை முடுக்கினார். எட்டு வெள்ளை மாத்திரைகளும் சுற்றத் தொடங்கின. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். தெளியாதே, தெளியாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டும் ஊதாவாகவே நின்றால் நான் செய்தது ஒன்றுமில்லை, இரும்புதான் எல்லாம் செய்தது, மேடத்துக்கு மூன்று வருடம், எனக்குச் சோறு.

நான்காம் நிமிடம் இரண்டாவது குவளை வெளிறியது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அப்புறம் ஐந்தாவது. அப்புறம் நான் கழுவிக் கொடுத்த எட்டாவது. அப்புறம் முதலாவதும் ஆறாவதும். ஒன்பதாம் நிமிடம் ஐந்து குவளைகள் குடிக்கிற தண்ணீர்போல நின்றன. மூன்றில் கத்தரிப்பூ நிறம் கொஞ்சமும் குறையவில்லை. அவருடைய ஏழில் நான்கு அவருடையது அல்ல.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எட்டு நிமிடம் வந்த நாளிலிருந்து வெளுத்தே கிடந்த அந்த முகத்தில் இரத்தம் ஓடுவது தெரிந்தது.

"இன்னொரு தடவைங்ணா," என்றார்.

மறுபடி செய்தோம். அதே ஐந்து. மூன்றாவது தடவை அவர் பொடியை நிறுத்துக் கொடுத்தபோது, என்னை அறியாமல் கேட்டேன். "மேடம், தராசு சரியான்னு பார்த்தீங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து போய்த் தராசைப் பார்த்தார்.

அதே ஐந்துதான்.

பேராசிரியரிடம் போவதற்கு முன்னால் என் தொட்டிக்கு வந்தார். "நடந்ததை எழுதிக் குடுக்கணும். உங்க பேரை விட்டுட்டு எழுதலாம். ஆனா அப்ப அது அரைகுறையா இருக்கும்," என்றார். "நீங்களா வந்து சொன்னீங்கங்கறதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். எழுதட்டுங்களா?"

எழுதுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"எழுதட்டுங்களா?" என்றார் மறுபடி.

"ம்."

மூன்றாவது தடவையும் கேட்டார். "எழுதுங்க மேடம்," என்றேன். அந்த மூன்றாவது தடவை எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

என் வேலை போகவில்லை. அந்தப் பேராசிரியர்தான் சூப்பர்வைசரிடம் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காந்தங்களை இனி அந்தந்த அறைக்காரர்களே கழுவிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இன்றுவரை ஒரு காந்தம்கூட என் தொட்டிக்கு வருவதில்லை. பலகையில் இருந்த எட்டை மேடமே அழித்துவிட்டு, இருபத்தைந்து என்று எழுதினார். ஆலைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது.

போகிற அன்று ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்த முதல் சேலை. கத்தரிப்பூ நிறம் வெளிறி அழகான இளம் ஊதாவாக ஆகியிருந்தது. மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது.

"வீட்ல அக்காவுக்குக் குடுங்க. உள்முனையில ஒரு துண்டு வெட்டியிருக்கேன், கட்டுனா சொருகுற இடத்துல மறைஞ்சிரும். இனிமே சாயம் போகாது. இருபத்திமூணு தடவை நனைச்சுப் பாத்துட்டேன்."

"சரி மேடம்."

"போகாது," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு லிஃப்ட் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "இருந்தாலும் முதல் தடவை தனியா நனைங்க."

மனைவி அதை அடுத்த தீபாவளிக்கு மறுநாள் கட்டினாள். அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. கழற்றிப் போட்டதும், நான் எடுத்துப்போய்க் குளியலறையில் வெள்ளை வாளியில் தனியாக நனைத்தேன். கால் மணி நேரம் கழித்து, வாளியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடிவரை தெரிந்தது.

வெளியிலிருந்து மனைவி கேட்டாள். "என்ன, சாயம் போகுதா?"

"இல்ல."

"அப்ப பிழிஞ்சு காயப்போட வேண்டியதுதானே?"

நான் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்து, வாளியை மறுபடி நிரப்பினேன்.